"இரண்டு துண்டு" என்றால் எத்தனை கிராம்?

காரைக்காலில் மீன் இரண்டு விதமாக விலைபோகிறது. நெத்திலி, காரப்பொடி, மத்தி போன்ற சிறு மீன்களைக் கூறு கட்டி விற்கிறார்கள். கூறு எவ்வளவு என்பது விற்கிற அம்மாவின் கண்ணளவு, வாங்குகிறவரின் பேரம். வஞ்சிரம், கொடுவா, பாறை போன்ற பெரிய மீன்கள் தராசில் ஏறி இறங்கி அரிவாள்மனைக்குப் போகின்றன. துடுப்பை வெட்டி, குடலை எடுத்து, தலையைத் தனியே வைத்துவிட்டு அறுக்கிறவர் ஒரு கேள்வி கேட்பார்: "குழம்புக்காம்மா, வறுவலுக்கா?"

அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் துண்டின் கனம் முடிவாகிறது. வறுவல் என்றால் மெல்லிசாக விழும். குழம்பு என்றால் கொதியில் உடைந்துவிடாமல் இருக்கத் தடிப்பாக விழும். மீனும் ஒன்றுதான், அறுக்கிற கையும் ஒன்றுதான். துண்டு மட்டும் ஒன்றல்ல.

வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. "மதியம்: சோறு 1 கப், மீன் 2 துண்டு" என்பதோடு அது முடிந்துவிடுகிறது. கைப்பேசிச் செயலியும் அப்படித்தான். "எத்தனை துண்டு?" என்று கேட்டு, விரல் தட்டிய மறுநொடியே கலோரியைச் சொல்லிவிடுகிறது.

இது வெறும் கணக்கு விளையாட்டு அல்ல. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு, நாட்டிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள இடங்களை வரிசைப்படுத்தியது. கோவாவில் 26.4 விழுக்காடு. அடுத்த இடம் காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு: 26.3 விழுக்காடு. ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியலை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் எடையும் சர்க்கரையும் இறங்கவில்லையே என்று தவிக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களில் பலர் பட்டியலை மீறியிருக்க மாட்டார்கள். பட்டியல் சொன்ன துண்டும் தட்டில் விழுந்த துண்டும் வேறு வேறாக இருந்திருக்கும்.

கண் பார்ப்பது வட்டத்தை, எடை இருப்பது கனத்தில்

ஒரு வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்துக்கொள்வோம். 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் கொண்ட முட்டை வடிவம். 1 செ.மீ. கனத்தில் அறுத்தால் அதன் எடை ஏறத்தாழ 80 கிராம். 2 செ.மீ. கனத்தில் அறுத்தால் 160 கிராம். தட்டில் மேலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நம் கண் பரப்பை அளக்கும், கனத்தைக் கோட்டைவிட்டுவிடும்.

வஞ்சிரத்தில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பையும் சேர்த்தால் 80 கிராம் துண்டு ஏறத்தாழ 100 கலோரி, 160 கிராம் துண்டு 200 கலோரி. "இரண்டு துண்டு" சாப்பிட்ட ஒருவருக்கு 200 கலோரி. அதே இரண்டு துண்டு சாப்பிட்ட அடுத்தவருக்கு 400. இடையில் உள்ள 200 கலோரி, உலையில் போடாத அரிசியாகப் பார்த்தால் 55 முதல் 60 கிராம். சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்கிறவர், குறைத்ததற்கு மேலாகவே மீனில் ஏற்றிக்கொள்ள இடமுண்டு.

மீன் அப்படியே வயிற்றுக்குப் போவதும் இல்லை, எண்ணெய்க்குப் போகிறது. 5 மில்லி எண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி, சுமார் 40 கலோரி. சட்டியில் ஊற்றியது எவ்வளவு, வறுத்து முடித்தபின் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்தால் நடுவில் காணாமல்போனது மீனோடு தட்டுக்கு வந்ததுதான். இதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி போதும்.

பாரிஸில் இருக்கும் மகளின் தட்டு

1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு இணைந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் உறவினர் இங்கே பல வீடுகளுக்கு உண்டு. அவர்கள் காலை அவசரத்தில் ரொட்டிக்குள் வைப்பது வஞ்சிரத் துண்டு அல்ல. கடையில் இயந்திரத்தில் மெல்லிசாகச் சீவி விற்கும் குளிர் இறைச்சி. சிலருக்குப் பன்றித்தொடை ழாம்போன், இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஹலால் வான்கோழித் துண்டு. நம் ஊர் நகரங்களின் கடைகளிலும் சிக்கன் சலாமி பாக்கெட்டுகள் வந்துவிட்டன.

இங்கே கண் இன்னும் மோசமாக ஏமாறும். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டு, 1 மி.மீ. கனத்தில் சீவினால் சுமார் 8 கிராம். 2 மி.மீ. என்றால் 16, 3 மி.மீ. என்றால் 25. இந்தக் கனத்தைக் கண்ணால் பிரித்தறிவது யாருக்கும் சிரமம். விட்டத்திலும் இதே கதைதான். 10 செ.மீ. வட்டம் 12 செ.மீ. ஆனால் பார்வைக்குக் "கொஞ்சம் பெரிசு". எடையிலோ 44 விழுக்காடு அதிகம்.

இறைச்சியின் வகையும் கணக்கை மாற்றும். கொழுப்பு நீக்கிய வேகவைத்த ழாம்போன் 100 கிராமுக்குச் சுமார் 115 கலோரி. உலர்த்திய தொத்திறைச்சியான சோசிசோன் 100 கிராமுக்கு 400-ஐத் தாண்டும். செயலியில் "ஒரு துண்டு" என்று தட்டுகிறவருக்கு இந்த ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம் வகைப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது.

நல்லவேளையாக, பாக்கெட்டே விடையையும் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 2016 டிசம்பர் முதல் பாக்கெட் உணவுகளில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிடுவது கட்டாயம். நிகர எடையும் மேலேயே இருக்கும். 200 கிராம் பாக்கெட்டில் 10 துண்டு இருந்தால் ஒன்று 20 கிராம். பிரித்ததும் துண்டுகளை எண்ணி ஒருமுறை வகுத்துவிட்டால் வேலை முடிந்தது. எண்ண முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தால், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் பாக்கெட்டையே தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

இதில் கலோரியைவிடக் கவலை தருவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்பது அதன் மதிப்பீடு. பிரான்ஸின் பொது சுகாதார அறிவுரையோ வாரத்துக்கு 150 கிராமைத் தாண்டாதீர்கள் என்கிறது. ஒரு துண்டு 20 கிராம் என்று தெரிந்தவருக்கு வாரத்துக்கு ஏழு துண்டு என்ற கணக்கு உடனே வந்துவிடும். தெரியாதவருக்கு 150 கிராம் என்பது ஒரு வெறும் எண்.

குன்னூரில் தொடங்கிய அளவை

உணவை அளக்கும் வேலையில் தமிழ்நாட்டுக்கு நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய்க்காகத் தொடங்கிய சிறு ஆய்வகம்தான் பிற்பாடு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அதன் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு வெளியிட்டார். 1958-ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அந்தக் கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-ல் அது வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. நம் கடல் மீன்களுக்கும் அதில் இடமுண்டு.

சத்து தெரிந்துவிட்டது, ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? 1972-ல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகத்தின் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அளவு குறித்த கிண்ணங்களோடும் கரண்டிகளோடும் வீட்டுக்குப் போவார்கள். முந்தின நாள் குழம்புக்குப் போட்ட பச்சைப் பொருள்களின் எடை, வெந்தபின் சட்டியில் இருந்த மொத்தக் கிண்ணங்கள், ஒருவர் ஊற்றிக்கொண்ட கிண்ணங்கள் என மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். மீதியை வகுத்தல் பார்த்துக்கொள்ளும். பிரான்ஸில் 1994-ல் சுமார் 13,000 பேரோடு தொடங்கிய சு.வி.மாக்ஸ் ஆய்வு, படங்களை நம்பியது. ஒவ்வோர் உணவையும் மூன்று அளவில் தட்டில் வைத்துப் படமெடுத்துப் புத்தகமாகக் கொடுத்தது. இடைப்பட்ட அளவுகளையும், இவற்றைவிடச் சிறியது, பெரியது என்பதையும் சேர்த்து ஏழு விடைகளில் ஒன்றைச் சொல்லலாம்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், மனித நினைவும் கண்ணும் ஒரே பக்கமாகச் சாய்வதுதான். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட ஒரு சிறு குழுவை எடுத்துக்கொண்டது. அவர்கள் எழுதிவைத்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவு. அவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அளவுகோல் இல்லாமல் அளக்கச் சொன்னால் எல்லோருக்கும் நேர்கிற பிழை இது.

டெல்டாக்காரர்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. நெல்லை மரக்காலில் அளக்கும்போது தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதற்குக் களத்தில் சண்டையே நடந்திருக்கிறது. அந்தக் கறார் சோற்றுத் தட்டுக்கும் வந்தால் "1 கப்" என்பதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கும்.

பச்சை எடையா, வெந்த எடையா?

வீட்டில் அளக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். மீன் வறுபடும்போது தண்ணீர் வற்றி எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். புரதம் அப்படிப் போவதில்லை. 80 கிராம் பச்சைத் துண்டு தட்டில் 60 கிராமாக நிற்கும். அட்டவணை பச்சை மீனுக்குச் சொன்ன எண்ணை வறுத்த எடையோடு பெருக்கினால் கணக்கு குறைவாகக் காட்டும். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 2,000 கலோரி தட்டில் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று இருப்பதும் சமைக்காத எடையில்தான்.

முள் அடுத்த சிக்கல். சத்து அட்டவணைகள் உண்ணக்கூடிய பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. இதற்கு எளிய வழி: சாப்பிட்டு முடித்ததும் தட்டோரம் ஒதுக்கிய முள்ளையும் தோலையும் தராசில் வைத்துக் கழித்துவிடுவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறை மின்தராசு இதற்குப் போதும். ஆயுள் முழுக்க நிறுத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று வாரம் தினமும் நிறுத்தால் கண் பழகிவிடும். பிறகு எப்போதாவது ஒருமுறை சரிபார்த்தால் போதும். மீன் விற்கிற அம்மா கூறு கட்டும்போது கை தடுமாறுவதில்லையே. ஆண்டுக்கணக்கில் தராசும் கண்ணும் சேர்ந்து பழகிய பழக்கம் அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பியதும், காரைக்கால் சந்தையில் பெரிய மீன் மறுபடி கண்ணில் படும். ஒன்றரைக் கிலோ வஞ்சிரம் வாங்குகிற குடும்பம், அறுத்துக் கழுவிய பிறகு இன்னொரு முறை தராசில் வைக்கச் சொல்லலாம். தலையும் குடலும் போக 1,100 கிராம் நிற்கிறது, துண்டு 12 என்றால் சராசரி 90 கிராமுக்குச் சற்று மேல். நடுத்துண்டு 120 கிராம் வரை போகும். வால் துண்டு 50 கிராமில் நிற்கும். வீடு திரும்பியதும் சுவரில் இருக்கும் பட்டியலில் "மீன் 2 துண்டு" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் இப்படி எழுதிவைக்கலாம்: "நடுத்துண்டு 1, இல்லையென்றால் வால் துண்டு 2."