ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம்

ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத் தலைநகரான அட்லான்டாவில் அமைந்துள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். 1913 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதில் ஏறத்தாழ 50,000 மாணவர்கள் பயில்கின்றனர். சேர்க்கைத் தகுதியை உயர்த்தாமலேயே பட்டம் பெறுவோர் வீதத்தை உயர்த்தியது, இனத்தாலும் வருமானத்தாலும் மாணவரிடையே இருந்த இடைவெளியைப் போக்கியது ஆகிய இரண்டு காரணங்களால் இது உயர்கல்வி ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

வரலாறு

ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் மாலைநேர வணிகவியல் பள்ளியாக இந்நிறுவனம் தொடங்கியது. பகலில் பணிபுரிவோர் மாலையில் படிப்பதற்கு வழிசெய்வதே அதன் நோக்கமாக இருந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பின்னர் 1969 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2016 சனவரியில் ஜோர்ஜியா பெரிமீட்டர் கல்லூரி என்னும் ஈராண்டுக் கல்லூரி இதனுடன் இணைக்கப்பட்டது.

தொடக்க காலத்தில் இங்கு வெள்ளையினத்தவர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். விண்ணப்பதாரர் முன்னாள் மாணவர்களிடமிருந்து நன்னடத்தைச் சான்று பெற்றுவர வேண்டும் என்னும் விதி நடைமுறையில் இருந்தது. முன்னாள் மாணவர் அனைவரும் வெள்ளையினத்தவர் என்பதால், கருப்பினத்தவருக்கு இவ்விதி மூடிய கதவாக அமைந்தது. பார்பரா ஹன்ட், ஐரிஸ் மே வெல்ச், மைரா டின்ஸ்மோர் ஆகிய மூன்று பெண்கள் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1959 சனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. எனினும் மாநில அரசு விண்ணப்பதாரருக்கு வயது வரம்பு விதித்துச் சட்டம் இயற்றியது. வழக்கில் வென்ற மூவரும் அங்குச் சேர இயலவில்லை. முதல் கருப்பின மாணவராக ஆசிரியை அனெட் லூசில் ஹால் 1962 இல் சேர்ந்தார்.

இடைநிற்றல் சிக்கல்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறும் வீதம் என்பது, முதன்முறையாக முழுநேர மாணவராகச் சேர்ந்தவர்களுள் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்களின் விழுக்காடு ஆகும். 2003 இல் இங்கு இவ்வீதம் 32 விழுக்காடாக இருந்தது. அதாவது, சேர்ந்த மூவருள் இருவர் இங்குப் பட்டம் பெறவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களிடையே இது 29 விழுக்காடாகவும், எசுப்பானிய மரபினரிடையே 22 விழுக்காடாகவும் இருந்தது.

படிப்பை இடையில் நிறுத்தும் மாணவரிடம் பட்டம் இருக்காது. ஆனால் கல்விக்கடன் இருக்கும். எனவே இடைநிற்றல் ஏழை மாணவரை, கல்லூரிக்கே வராதவரைவிடக் கூடுதலான இன்னலுக்கு உள்ளாக்கக்கூடும்.

2011 இல் வெளியான பத்தாண்டுத் திட்டத்தில், அனைத்துப் பின்னணி மாணவரும் உயர்ந்த வீதத்தில் பட்டம் பெற இயலும் என்பதை நிறுவுவது முதன்மை இலக்குகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அப்போது மார்க் பெக்கர் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். சமயவியல் பேராசிரியரான திமோத்தி ரெனிக் இப்பணிக்குத் தலைமை தாங்கினார்.

தரவு வழிக் கல்வி ஆலோசனை

2012 இல் தொடங்கிய ஆலோசனைத் திட்டத்திற்கு அடிப்படையாக, முந்தைய பத்து ஆண்டுகளின் மாணவர் பதிவுகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ 25 இலட்சம் மதிப்பெண் தரநிலைகள் இவ்வாய்வில் அடங்கின. எந்நிகழ்வுகளுக்குப் பின்னர் மாணவர்கள் இடைநின்றனர் என்பதைக் கண்டறிந்து, 800க்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகள் வகுக்கப்பட்டன.

எடுத்துக்காட்டாக, செவிலியர் படிப்பில் வெற்றியை முன்னறிவிப்பதில் செவிலியல் அறிமுகப் பாடத்தைவிட முதலாண்டுக் கணிதப் பாடத்தின் தரநிலையே சிறந்த குறியாக விளங்கியது. 'சி' தரநிலை தேர்ச்சியே என்பதால் அதுவரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாணவரின் தோல்வி ஈராண்டு கழித்தே வெளிப்பட்டது.

மென்பொருள் ஒவ்வொரு நாளும் மாணவர் அனைவரின் பதிவுகளையும் இக்குறிகளுடன் ஒப்பிடுகின்றது. தேவையற்ற பாடத்தில் பதிவு செய்தாலோ, முதன்மைப் பாடத்தில் தரநிலை குறைந்தாலோ கல்வி ஆலோசகருக்குத் தகவல் செல்லும். அவர் மாணவரை அழைத்துப் பேசுவார். இதில் மென்பொருளின் பங்கு தகவல் தருவதுடன் முடிந்துவிடுகின்றது. தீர்வு காண்பவர் மனிதரே. இதற்காக 42 ஆலோசகர்கள் புதிதாக நியமிக்கப்பட்டனர். ஓர் ஆலோசகருக்கு ஏறத்தாழ 300 மாணவர் என்னும் நிலை எட்டப்பட்டது.

இச்செலவை ஈடுசெய்யும் வழியையும் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. தொடர்ந்து படிப்போர் வீதம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தால், கட்டண வருவாய் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் கூடும் என்பது அக்கணக்கு.

சிறு நிதியுதவிகள்

ஒவ்வொரு பருவத்திலும் கட்டணம் செலுத்த இயலாமையால் 1,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவு நீக்கப்பட்டு வந்தது. அவர்களுள் பலர் நன்கு படித்தவர்கள்; பட்டத்தை நெருங்கியவர்கள். நிலுவைத் தொகையோ பெரும்பாலும் சில நூறு டாலர்களே. 2011 முதல் இத்தகையோரின் நிலுவையைப் பல்கலைக்கழகமே செலுத்தத் தொடங்கியது. இதற்கு மாணவர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. பதிவுகளின் அடிப்படையில் தகுதியானோர் தெரிவு செய்யப்படுகின்றனர். சராசரி உதவி ஏறத்தாழ 900 டாலர் ஆகும்.

உரையாடும் மென்பொருள்

சேர்க்கை பெற்ற மாணவருள் ஒரு பகுதியினர் வகுப்பு தொடங்கும்போது வருவதில்லை. நிதியுதவிப் படிவம், தடுப்பூசிச் சான்று முதலியவற்றை உரிய நாளில் அளிக்க இயலாமையே பலருக்குத் தடையாகின்றது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்வோரையே இது மிகுதியாகத் தாக்குகின்றது. 2016 கோடையில் குறுஞ்செய்தி வழியாக ஐயங்களுக்கு விடையளிக்கும் மென்பொருள் ஒன்று பயன்படுத்தப்பட்டது. குலுக்கல் முறையில் மாணவரைப் பிரித்து நடத்திய ஆய்வில், இச்செய்திகளைப் பெற்றவர்களிடையே வராமல் போவோர் அளவு 21 விழுக்காடு குறைந்தது.

விளைவுகள்

2014 வாக்கில் பட்டம் பெறும் வீதம் ஏறத்தாழ 54 விழுக்காட்டை எட்டியது. ஆப்பிரிக்க அமெரிக்கர், எசுப்பானிய மரபினர், குறைந்த வருமானக் குடும்பத்தினர் ஆகியோரின் வீதங்கள் ஒட்டுமொத்த வீதத்திற்கு இணையாகவோ மேலாகவோ உயர்ந்தன. அமெரிக்காவின் இலாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களுள் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு மிகுதியான இளங்கலைப் பட்டங்கள் வழங்கும் நிறுவனமாகவும் இது அறியப்பட்டது. கருப்பினத்தவருக்குக் கதவடைத்த வரலாறுடைய நிறுவனம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

தேர்ந்த மாணவரை மட்டும் சேர்த்தால் வீதம் தானாகவே உயரும். ஆனால் இங்கு நிகழ்ந்தது அதுவன்று. குறைந்த வருமான மாணவருக்கான பெல் உதவித்தொகை பெறுவோர் பங்கு 2007 இல் 31 விழுக்காடாக இருந்து, பின்னர் பாதிக்கும் மேலாக உயர்ந்தது. பெரிமீட்டர் கல்லூரியில் மூன்றாண்டுகளில் பட்டம் பெறுவோர் வீதமும் இணைப்புக்குப் பின் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஆய்வு

மாணவர் நலனில் செலுத்திய கவனம் ஆய்வுப் பணியைக் குறைக்கவில்லை. கார்னகி வகைப்பாட்டின் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பல்கலைக்கழகம் மிக உயர்ந்த ஆய்வுச் செயற்பாடு உடைய நிறுவனமாக வகைப்படுத்தப்பட்டது. கலிபோர்னியாவின் வில்சன் மலையில் இதன் சாரா தொலைநோக்கி வரிசை அமைந்துள்ளது. தலா 1 மீட்டர் விட்டமுடைய ஆறு தொலைநோக்கிகள், 330 மீட்டர் வரையிலான இடைவெளியில் ஒருங்கிணைந்து இயங்குகின்றன. இதனைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு 2007 இல் அல்டயிர் விண்மீனின் மேற்பரப்பைப் படமாக்கியது. சூரியனைத் தவிர்த்த முதன்மை வரிசை விண்மீன் ஒன்று இவ்வாறு படமாக்கப்பட்டது அதுவே முதன்முறை.

மதிப்பீடு

இம்முறையைப் பிற இடங்களில் பின்பற்றுவது எளிதன்று. 11 அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 10,000 மாணவரைக் கொண்டு, தரவு சார்ந்த தீவிர ஆலோசனையின் பயன் சோதிக்கப்பட்டது. முதலாண்டு முடிவில் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மட்டும் மதிப்பெண்களிலும் தேர்ச்சியிலும் முன்னேற்றம் தெரிந்தது. எனவே மென்பொருளை வாங்குவது மட்டும் போதாது என்பதும், ஆலோசகர், நிதி, நிருவாக மாற்றம் ஆகியவை ஒன்றுசேர வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

எச்சரிக்கைக் குறிகள் பின்தங்கிய மாணவரைக் கடினமான துறைகளிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்னும் கவலையும் எழுப்பப்பட்டுள்ளது. மேலும், 54 விழுக்காடு என்னும் அளவை எட்டியபோதும், சேர்ந்தவருள் ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு ஆண்டுகளுக்குள் இங்குப் பட்டம் பெறவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் வேறு நிறுவனங்களுக்கு மாறிச் சென்றவர்கள். தன் பட்டறிவைப் பிற கல்லூரிகளுடன் பகிர்ந்துகொள்ள மாணவர் வெற்றிக்கான தேசியக் கழகம் என்னும் அமைப்பை 2020 இல் இப்பல்கலைக்கழகம் நிறுவியது.