நிறுத்தி வைத்த காரில் இருந்து மர்ம சத்தம்... எது சாதாரணம்? எது ஆபத்து?

இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, வீட்டுக்குள் வந்தாச்சு. ஆனால் வெளியே நிற்கும் காரில் இருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். முகப்பேர் போல அடுத்தடுத்து வீடுகளும், வாசலிலேயே நிற்கும் கார்களும் உள்ள பகுதிகளில், ராத்திரி நேரத்தில் இந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

ஆளே இல்லாத காரில் சத்தம் எப்படி வருது? காரை நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று கவனித்தால், பாதி விடை கிடைத்துவிடும்.

நிறுத்திய உடனே வரும் சத்தம்

ஓடும்போது காரின் சைலன்சர் குழாய் பல நூறு டிகிரி வரை சூடாகும். சூட்டில் விரிந்த இரும்பு, ஆறும்போது சுருங்கும். ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய் 300 டிகிரி ஆறினால், சுமார் மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். குழாயும் அதை மூடியிருக்கும் தகடும் ஒரே வேகத்தில் சுருங்காது. ஒன்றோடு ஒன்று உரசி நழுவும்போதுதான் அந்த 'டிக் டிக்'. இன்ஜின் ஆறியதும் தானாக நின்றுவிடும். பயப்பட வேண்டியதில்லை.

'உர்ர்' என்று ஓடுவது ரேடியேட்டர் ஃபேன். இன்ஜினை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் ஓடலாம். ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே அல்லது சென்சாரில் கோளாறு இருக்கலாம். அப்படியே விட்டால், காலையில் பேட்டரி காலியாகி கார் ஸ்டார்ட் ஆகாது.

ஏசியை அணைத்த பின் வரும் 'புஸ்' சத்தம், உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தம் சமமாவதால் வருவது. ஆனால் ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தமும் ஆவியும் வந்தால், இன்ஜின் அதிகமாகச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

பல மணி நேரம் கழித்து வரும் சத்தம்

சில மாடல்களில், நிறுத்தி சுமார் 5 மணி நேரம் கழித்து மெல்லிய 'ம்ம்ம்' சத்தம் வரும். பெட்ரோல் டேங்கில் இருந்து ஆவி கசிகிறதா என்று கார் தானாகவே பரிசோதிக்கும் சத்தம் அது. எலெக்ட்ரிக் கார்களில் சார்ஜ் ஏறும்போது, பேட்டரியைக் குளிர்விக்கும் பம்பும் ஃபேனும் ஓடும். இவையும் இயல்பானவையே.

பிராண்டும் சத்தம், கத்தும் சத்தம்

மழைக்காலத்தில் பூனைகள் கதகதப்பான, ஈரமில்லாத இடம் தேடி இன்ஜின் பகுதிக்குள் ஏறிவிடும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் ஃபேனிலோ பெல்ட்டிலோ சிக்கி உயிர் போய்விடும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டை நாலு தட்டு தட்டுங்க; கொஞ்சம் காத்திருந்து, திறந்து பாருங்க. எலி என்றால் ஒயர் போயிருக்கும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பாம்பு என்று சந்தேகம் வந்தால் கையை விடாதீங்க, 101-ல் தீயணைப்புத் துறையை அழையுங்க.

தீப்பொறி சத்தமும் கருகும் வாடையும்

'சர்ர்' என்று தீப்பொறி பறப்பது போலச் சத்தம், கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. இது ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம். பானட்டைத் திறக்காதீங்க. காற்று பட்டால் தீ பெரிதாகும். விலகி நின்று 101-க்கு அழைக்கவும். வெள்ளநீரில் நின்ற காரில் ஹார்ன் தானாக அடித்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

உள்ளே இருந்து தட்டும் சத்தம்

எந்த நேரத்தில் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய சத்தம் இது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடச் சென்ற 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிரிழந்தனர். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே 4 குழந்தைகள் இதேபோல் இறந்தனர்.

வெயிலில் மூடிய கார், ஒரு மணி நேரத்தில் வெளியில் இருப்பதை விட சுமார் 20 டிகிரி கூடுதலாகச் சூடாகும். சைல்டு லாக் போட்டிருந்தால் பின் கதவை உள்ளே இருந்து திறக்கவும் முடியாது.

குழந்தை சிக்கியிருப்பது தெரிந்தால் சாவிக்காகக் காத்திருக்காதீங்க. முன் கண்ணாடி சீக்கிரம் உடையாது. குழந்தை இருக்கும் இடத்துக்குத் தள்ளி இருக்கும் பக்கவாட்டு கண்ணாடியின் மூலையில், கனமான பொருளால் ஓங்கி அடித்தால் நொறுங்கிவிடும். குழந்தையை நிழலுக்குக் கொண்டு வந்து, 108-க்கு அழையுங்கள்.

வீட்டு வாசலில் நிற்கும் கார்தானே என்று திறந்தபடி விடாதீர்கள். டிக்கி உட்பட எல்லாக் கதவையும் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தெருவில் குழந்தையைக் காணோம் என்றால், முதலில் தேட வேண்டிய இடங்களில் நிறுத்தியிருக்கும் கார்களும் ஒன்று.