கொஞ்சப் பனியின் வில்லங்கம்

"டிசம்பர் தொடக்கம்தானே அண்ணாச்சி, பனி கொஞ்சமாத்தான் கிடக்கும், பயமில்ல." உத்தராகண்டுக்கு மலையேறக் கிளம்பும் ராயகிரிப் பையன்களின் கணக்கு இது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்: கொஞ்சமாகக் கிடக்கும் பனியில்தான் வில்லங்கமே இருக்கிறது.

பனிக்கு அடியில் தரை பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே, மேகமில்லாத இரவில் குளிர் மைனஸ் 15 டிகிரிக்குக்கூட இறங்கும். இந்த வித்தியாசம் முழுவதையும் இரண்டடிப் பனியே தாங்க வேண்டும். அப்போது அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பரல்களாக்கிவிடும். அள்ளினால் சீனி மாதிரி உதிரும். ஆறடிப் பனியென்றால் அதே வித்தியாசம் ஆறடிக்கும் பரவும். துகள்கள் மெல்ல இறுகிக்கொள்ளும்.

சில வாரம் கழித்து அடுத்த பனிப்பொழிவு வரும். காற்று அதை இறுக்கிப் பலகையாக்கும். மேலே நடப்பவருக்குக் கெட்டித் தரைபோலத் தெரியும். ஓர் ஆளின் எடை அடியிலுள்ள பரல்களை நொறுக்கினால் போதும், பலகை மொத்தமும் உடைந்து இறங்கிவிடும்.

நம் ஊர் மலைக்கும் பனிமலைக்கும் வித்தியாசம் இங்கேதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துச் சென்றது. அதற்குக் காரணம் மலைமேல் பெய்த மழை. பனிமலையில் மலையேறிகளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அவர்களேதான், அல்லது கூட வந்தவர்கள்.

எப்படிக் கண்டுகொள்வது? முதலில் சாய்வு. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் உடைகின்றன, செல்போனிலேயே அளக்கலாம். நிற்கும் இடம் சமதளமானாலும், தலைக்கு மேலே என்ன சாய்வு என்று பார்க்க வேண்டும். அடுத்தது காற்று: முகட்டின் மறுபக்கத்தில் அது பனியைக் குவித்து வைத்திருக்கும். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கிய தடமோ, கால் வைத்ததும் 'வும்' என்று பனி அமுங்கும் சத்தமோ, காலடியிலிருந்து ஓடும் விரிசலோ தென்பட்டால் பேச்சே இல்லை, திரும்ப வேண்டியதுதான். கிளம்புமுன் சண்டிகரில் உள்ள டிஜிஆர்ஈ ஆய்வு நிலையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட வேண்டும்.

அனுபவம் காப்பாற்றிவிடும் என்றும் நம்ப முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையக் குழு திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. 27 பேர் இறந்தார்கள்; இருவரைக் காணவில்லை. இறந்தவர்களில் ஒருவரான பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால், அந்த மே மாதம்தான் எவரெஸ்டிலும் மகாலுவிலும் ஏறியிருந்தார்.

புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. கூட வந்தவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதனால் வேறு வழியில்லாமல் ஒரு சரிவைக் கடக்க நேர்ந்தால், ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, கடப்பவர்மேல் கண்ணை வைத்திருங்கள்.