கைக்கணினியின் திரை மங்குதல்

கைக்கணினியில் யூ.எஸ்.பி. கருவியொன்றைப் பொருத்தியவுடன் திரை மங்குவதையும் துடிப்பதையும், சில வேளைகளில் முற்றாக இருளடைவதையும் கமக்காரர் சிலர் கண்டிருப்பர். புதிய திரைக்குப் பணம் செலவிடுமுன் மின்சாரம் போதுமானதாவென்று பார்த்தல் வேண்டும்.

இணைக்கப்படும் கருவி பெரும்பாலும் கைக்கணினியின் பற்றறியிலிருந்தே மின்சாரம் பெறுகின்றது. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி ஓர் இணைப்புவாய் 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. சுழலும் வன்தட்டோ தொடங்கும்போது இதனிலும் கூடுதலாக இழுப்பதுண்டு. மேல்வயற்காரர் மடையை அகலத் திறந்தால் கடைவயலுக்கு நீர் எட்டாததுபோல, அவ்வேளையில் திரைவிளக்குக்குச் செல்லும் மின்சாரம் குறைகின்றது.

கருவியைக் கழற்றியதும் திரை தெளிந்தால், திரையில் பழுது இருத்தல் அரிது. ஆயினும் பயிர்க்குறிப்புகள் பதிவாகிக் கொண்டிருக்கையில் கழற்றலாகாது, அவை அழியக்கூடும். பற்றறியை நிறைய ஏற்றி மீண்டும் பொருத்துக. அப்பொழுதும் மங்கினால், தனி மின்னிணைப்புள்ள ‘ஹப்’ என்னும் பெட்டியின் வழியாக இணைத்தல் நன்று. அதன் விலை திரையின் விலையிலும் மிகக் குறைவு.

சிறு பென்டிரைவுக்கே திரை மங்குமாயின் கம்பியையும் இணைப்புவாயையும் ஐயுறுக. வயற்புழுதியும் ஈரமும் அங்கே எளிதிற் சேரும். கணினியை நிறுத்தி, உலர்ந்த மென்தூரிகையால் துடைக்கலாம். ஊசியால் கிண்டுதல் கூடாது. கருவி எதுவுமின்றியும் திரை துடித்தால் மட்டுமே திருத்துநரிடம் கொண்டுசெல்க.

மின்னேற்றியை இணைத்த வேளையில் திரை தொடாமலே இயங்குமாயின், குற்றம் பெரும்பாலும் தரங்குறைந்த மின்னேற்றியினுடையது. வேறொன்றை மாற்றிப் பார்த்தால் உடனே தெரியவரும்.