மண்ணுக்குக் கணக்கு எங்கே?

விருத்தாசலத்துச் சூளைத் தோழர்களே! கருத்த களிமண், நெருப்பிலே வெந்ததும் வெளுத்து வருவதைக் கண்டிருப்பீர்கள். கருமை எங்கே போயிற்று? மண்ணில் கலந்திருந்த மட்கு எரிந்து, கரியமில வாயுவாய்க் காற்றிலே கலந்தது!

தோப்பை அழித்தாலும் அதுவே நடக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். எரித்தால் அது வானுக்கு! கிளறிய மண்ணின் மட்கை நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன, அதுவும் வானுக்கு! உலகம் சூடேறுகிறது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கரிமம். காற்றில் இருப்பதைவிட அதிகம்!

பக்கத்து நெய்வேலியில் 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டோம். விளக்கு எரிந்தது; மறுக்கவில்லை. 2023இல் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக நெற்பயிர்மீது எந்திரம் ஏறியதையும் கண்டோம். பயிருக்கு இழப்பீடு பேசினார்கள், மண்ணுக்கு?

தோண்டிய கரிக்கு டன் கணக்கு உண்டு. முந்திரிக்கும் மேல்மண்ணுக்கும் அதே கணக்கு வேண்டாமா? அழிப்பது ஒரு நாள் வேலை. சேர்ப்பது ஒரு தலைமுறை வேலை! மேல்மண்ணை மீண்டும் பரப்பி மரம் வளர்க்கும் பொறுப்பு, எடுத்தவர் தலையிலேயே ஏறட்டும்!