மதுரையில் மூச்சோடு பிறக்கும் மெய்யொலிகள்

சௌராஷ்டிரம் இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. குஜராத்திக்கு நெருக்கமானது, மராத்தியின் சாயலும் அதில் உண்டு. மதுரையில் நெசவுத் தொழிலோடு வளர்ந்த சமூகத்தின் வீட்டுமொழி இது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களிலும், பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம் போன்ற ஊர்களிலும் பேசப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். தலைமுறை தலைமுறையாகத் தமிழின் நடுவே வாழ்ந்தும், தமிழில் இல்லாத மெய்யொலி அமைப்பை இம்மொழி காத்து வந்திருக்கிறது.

தமிழில் வல்லின எழுத்து ஒவ்வொன்றுக்கும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ‘கடல்’ என்பதில் ககரம் வன்மையாக ஒலிக்கிறது. ‘தங்கம்’ என்பதில் ஙகரத்தின் பின் அதிர்வோடு ஒலிக்கிறது. ‘பகல்’ என்பதில் இளகிப்போகிறது. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது விதிப்படி அமைவதால் ஒரே எழுத்துப் போதுமானது. சௌராஷ்டிரத்தில் நிலை வேறு. அங்கே ககரத்தின் இடத்தில் பிறக்கும் நான்கு வெடிப்பொலிகளும் தனித்தனி மெய்கள். எதுவும் சொல்லின் முதலில் வரலாம். க, ச, ட, த, ப என்ற ஐந்து இடங்களிலும் இதே நான்கு வகை உண்டு. ஆக, மூக்கொலிகளைச் சேர்க்காமலே வெடிப்பொலிகள் இருபது.

இந்த நான்கையும் பிரித்துக் காட்டுபவை குரல்வளையில் நடக்கும் இரண்டு செயல்கள். முதலாவது, குரல்நாண்களின் அதிர்வு. அதிர்வு இல்லாதபோது பிறப்பது ‘கடல்’ என்பதன் ககரம். அதிர்ந்தால் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம். இரண்டாவது, மூச்சு. அடைப்பு விலகிய பிறகும் குரல்நாண்கள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் திறந்தே இருந்தால் காற்று பீறிட்டு வருகிறது. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்தால் அதை உணரலாம். நான்காம் வகையில் குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டே முழுதும் மூடாமல் காற்றைக் கசியவிடுகின்றன. சௌராஷ்டிரத்தில் வீட்டைக் குறிக்கும் சொல் இந்த நான்காம் வகைக் ககரத்தில்தான் தொடங்குகிறது.

வெடிப்பொலிகளில் மூச்சு சேர்வது வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொது. சௌராஷ்டிரத்தில் இன்னொரு தொகுதியும் உண்டு. ம, ன, ர, ல ஆகிய ஒலிகளும் மூச்சோடு வருகின்றன: ம்ஹ, ன்ஹ, ர்ஹ, ல்ஹ. தமிழில் எழுதும்போது இரண்டு மெய்கள் சேர்ந்ததுபோல் தோன்றினாலும் வாயில் ஒவ்வொன்றும் ஒரே ஒலிதான். மூக்கின் வழியாகவோ நாவின் ஓரமாகவோ காற்று செல்லும்போதே குரல்வளையில் மூச்சுக் கசிவும் உடன் நிகழ்கிறது.

இத்தகைய ஒலிகள் பிறந்த விதத்தை மராத்தி விளக்குகிறது. எருமையைக் குறிக்கும் ‘மஹிஷீ’ என்ற வடசொல்லில் மகரத்துக்கும் ஹகரத்துக்கும் இடையிலிருந்த உயிர் தேய்ந்து ‘ம்ஹைஸ்’ ஆனது. ‘ஸ்நான’ என்ற சொல்லில் ஸகரம் ஹகரமாகி மூக்கொலியின் பின்னால் இடம் மாறியது. பிராகிருதத்தில் ‘ண்ஹாண’ என்றானது. குஜராத்தியிலோ மூச்சு பல சொற்களில் உயிரொலிக்குள் கலந்துவிட்டது. அங்கே ‘பன்னிரண்டு’, ‘வெளியே’ என்னும் பொருளுடைய இரு சொற்களைப் பேச்சில் பிரித்துக் காட்டுவது அந்த மூச்சு மட்டுமே.

இத்தனை ஒலிகளையும் எழுத்தில் கொண்டுவர வேண்டிய தேவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அச்சுக்கலை பரவிய காலத்தில், வலுத்தது. சௌராஷ்டிரத்துக்கெனத் தனி எழுத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பியதில் முதன்மையானவர் தொ. மு. இராமராய். 1880களில் சீரமைந்த இவ்வெழுத்து கூட்டெழுத்துகளைப் பெரும்பாலும் கைவிட்டு, தமிழின் புள்ளியைப்போல உயிர்நீக்கக் குறியைக் கையாண்டது. அதில் மெய்யெழுத்துகள் 34: ஐந்து வர்க்கங்களின் 25, ய ர ல வ என்னும் நான்கு, மூன்று வகைச் சகர உரசொலிகள், ஹகரம், ளகரம். தமிழின் ழகரத்துக்கும் றகரத்துக்கும் அதில் இடமில்லை.

மூச்சோடு வரும் ம, ன, ர, ல ஒலிகளுக்குப் புது எழுத்துகள் உருவாக்கப்படவில்லை. ‘ஹாரு’ என்ற சார்புக் குறி ஒன்று அந்த எழுத்துகளோடு ஒட்டி, அவற்றின் ஒலியை மாற்றுகிறது. தேவநாகரியிலோ தெலுங்கிலோ இதற்கு இணையான குறி இல்லை. தனித்து நில்லாமல் பிற எழுத்தைச் சார்ந்து ஒலிக்கும் தன்மையில் தொல்காப்பியம் சார்பெழுத்துகளில் ஒன்றாக வைத்த ஆய்தத்தோடு இது ஓரளவு ஒத்துப்போகிறது.

இன்று சௌராஷ்டிரம் பெரும்பாலும் தமிழ் எழுத்திலேயே எழுதப்படுகிறது. வடமொழி நூல்களைத் தமிழில் அச்சிடும் முறையைப் பின்பற்றி, க², க³, க⁴ என மேலெண்களால் நான்கு வகை ஒலிகளும் பிரித்துக் காட்டப்படுகின்றன. ஹாருவின் வேலையை முக்காற்புள்ளி போன்ற குறி செய்கிறது. எண்களும் குறியும் விடுபட்டால் நான்கு மெய்களும் ஒரே எழுத்தில் அடங்கிவிடும். மொழியை வீட்டில் கேட்டு வளராத ஒருவருக்குச் சரியான ஒலிப்பு எட்டாது. ஆகவே இக்குறிகளை விடாமல் எழுதுவது இம்மொழியைக் கற்பிப்பதற்கு அடிப்படைத் தேவை.

சௌராஷ்டிர எழுத்து 2008இல் யூனிகோடின் 5.1 பதிப்பில் இடம்பெற்றது. ஹாருவுக்கும் தனிக் குறியீட்டெண் கிடைத்தது. தமிழ் எழுத்தானாலும் சொந்த எழுத்தானாலும், இம்மொழியின் எல்லா மெய்களையும் பிழையின்றி எழுதும் வழி இப்போது கணினியிலும் கைபேசியிலும் உள்ளது.