உதிர உறவு – 7: பையின் வாலில் ஒரு சாட்சி

"கூடப்பிறந்தவன் நான் இருக்கும்போது வெளியாள் ரத்தம் எதற்கு?" ரத்த வங்கி வாசலில் அடிக்கடி கேட்கும் குரல். அந்தப் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரத்த வகை அப்படி ஒரே மாதிரி இறங்கி வருவதில்லை.

ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவை அப்பாவிடம் ஒரு படி, அம்மாவிடம் ஒரு படி என்று வாங்கிக்கொள்கிறோம். ஏ, பி இரண்டும் வெளியே தெரியும். ஓ அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்பா ஏ, அம்மா பி, இருவருக்குள்ளும் ஓ ஒளிந்திருந்தால், பிள்ளைகளுக்கு நான்கு வகையில் எதுவும் வரலாம். 1924இல் இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர். ஏபி அண்ணனின் ரத்தத்தை ஓ தம்பிக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. வகை பொருந்தினாலும், நெருங்கிய உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கக்கூடும்.

பொருத்தம் பார்க்க உதவும் ரத்தப் பையின் கதைக்காக, இனி திருவனந்தபுரத்துக்கு வருவோம். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்குள்ள ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையம் என்றால் இதய ஆபரேஷன். எனக்கு அது ரத்தப் பையும்கூட.

முன்பு ரத்தம் கண்ணாடிப் புட்டியில் இருந்தது. கை தவறினால் உடையும், கிருமி புகும், காற்றுக் குமிழி ரத்தக் குழாய்க்குள் போய்விடும் பயம் வேறு. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இருந்த ஸ்ரீசித்திரா நிலையம், பூஜப்புரையில் அரச குடும்பம் கொடுத்த சேட்டல்மண்ட் அரண்மனையில் நடந்த தன் தொழில்நுட்பப் பிரிவில், பிளாஸ்டிக் பையை நம் நாட்டிலேயே உருவாக்கியது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த சி. பாலகோபால், பென்போல் நிறுவனத்தைத் தொடங்கி அதைத் தொழிற்சாலைச் சரக்காக்கினார். 1999இல் ஜப்பானின் டெருமோ நிறுவனம் பென்போலுடன் கூட்டுச் சேர்ந்தது. அதே நிலையம் உருவாக்கிய சித்திரா இதய வால்வுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தப் பைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

350 மில்லி பையை அடுத்த முறை பார்த்தால், அதில் தொங்கும் மெல்லிய குழாயைக் கவனியுங்கள். அதில் ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். கொடையாளியின் ரத்தம் நிறைந்த அந்தக் குழாயை வெப்பத்தால் ஒட்டித் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பார்கள். நோயாளிக்குப் பொருத்தம் பார்க்க ஒரு துண்டை வெட்டினால் போதும். பையைத் திறக்கவே வேண்டாம். அந்தத் துண்டிலுள்ள சிவப்பணுவை நோயாளியின் சீரத்தோடு கலந்து பார்ப்பதுதான் கிராஸ் மேட்ச். அணுக்கள் கட்டிதட்டினால் அந்தப் பை அவருக்கு ஆகாது.

வகை எழுதிய அட்டை இருக்கும்போது இந்தச் சோதனை எதற்கு? 1952இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் விவரித்த வகையை நினைத்துப் பாருங்கள். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற பொருளே அந்தப் பம்பாய் வகைக்காரர்களின் அணுக்களில் இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரியும். ஆனால் அவர்கள் சீரத்தோடு எந்தச் சாதாரண ஓ ரத்தத்தைக் கலந்தாலும் கட்டிதட்டும். இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம்தான் சேரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் எச் இல்லாத படி வந்தால்தான் இப்படி ஆகும். ஓ என்று தெரியும் பம்பாய் வகைக்காரருக்குள் ஏ மரபணு மறைந்திருந்து, பிள்ளை ஏ வகையாகப் பிறப்பதும் உண்டு. கணக்குப் புரியாமல் அந்தப் பிள்ளையின் தாய்மீது சந்தேகப்படுவது எத்தனை பெரிய அநியாயம்!

ஏ, பி, ஓ வகை தவறி ஏற்றியதால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை ஆள் மாறியும் லேபிள் மாறியும் நேர்ந்தவை. ஆகவே வார்டில் மறுபடி ரத்தம் எடுக்க வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். பெயரையும் வயதையும் கேட்டால், பத்தாவது முறையானாலும் முழுதாகச் சொல்லுங்கள்.